மீதமுள்ள கால்

காலை ஏழு மணிக்குக் கைப்பேசி சின்னதாக ஒரு மணியடிக்கும். ரமணி எழுந்து உட்கார்ந்து, கட்டிலோரம் சாத்தி வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வலது பாதத்தை இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பாள். குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு. ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றிக்கொள்வாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் வந்திருக்கும் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். நேற்றுத் தூக்கம் எப்படி, கீழே விழுந்தீர்களா, எத்தனை காலுறை அணிந்தீர்கள் என்றெல்லாம் இருக்கும். மூன்றாவது கேள்வி மட்டும் கொஞ்சம் நீளமானது. "மீதமுள்ள காலில் சிவப்பு, புண், வீக்கம் ஏதேனும் உண்டா?" ரமணி "இல்லை" என்பதைத் தொடுவாள். ஆறும் முடிந்ததும் திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். "நன்று. இன்று பதினைந்து நிமிடம் கூடுதலாக அணியலாம்."

அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அன்றைய பொழுது தொடங்கும். சுவரோரம் நிற்கும் பொய்க்காலை எடுத்து இடது பக்கம் மாட்டிக்கொள்வாள்.

ரமணிக்கு ஐம்பத்தாறு வயது. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை செய்தவள். பேருந்து ஓட்டுநரான கணவர் பக்கிரிசாமி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. சென்ற டிசம்பரில் வேலைச் சப்பாத்து கடித்து இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பு. விரல் கறுத்தது. முதலில் அந்த விரலை எடுத்தார்கள். அது நிற்கவில்லை என்று பாதத்தில் பாதியை எடுத்தார்கள். ஜனவரி முடிவதற்குள் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள்.

அவளுடைய வீடு கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. மாடிக்குப் பதினாறாக மொத்தம் அறுபத்து நாலு படிகள். அதனால் தம்பி சுகுமாறன் மருத்துவமனையிலிருந்து அவளை நேரே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, தன் தரைத்தள வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அவனுடைய மகள் விஷ்ணுப்ரியா கல்யாணமாகி ஜொகூருக்குப் போனதிலிருந்து சும்மா கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தான். தம்பி மனைவி உஷாராணி குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொன்னாள், தன் மருமகன் வாங்கிக் கொடுத்த மெத்தையைத் தூக்கி இந்தக் கட்டிலில் போட்டாள். ஏழு மாதங்களில் அந்த வீட்டில் யாரும் ரமணியை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது. முகம் சுளித்தால் பதிலுக்குச் சுளித்துவிடலாம். சுளிக்காதவர்களிடம் என்ன செய்வது?

உஷாராணி காலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சமையலுக்குப் போய்விட்டு, பத்தரைக்குத் திரும்பி வந்து வீட்டுச் சமையலைப் பார்ப்பாள். தனக்கு உப்பில்லாமல் ஒன்று, ரமணியின் சர்க்கரைக்காக ஒன்று, சுகுமாறனுக்கு ஒன்று. பிற்பகலில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். ரமணி அதைப் பார்க்கும்போதெல்லாம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சமையலறை நாட்காட்டியில் செப்டம்பர் இருபதைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. விஷ்ணுப்ரியாவுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதமே சீமந்தம் முடிந்துவிட்டது. இருபதாம் தேதி தாய்வீட்டுக்கு வருகிறாள். இந்த வீட்டில் இரண்டே அறைகள். அந்த வட்டத்தைப் பற்றி ரமணியிடம் யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த நாளிலேயே முடிவு செய்துகொண்டாள். இருபதாம் தேதிக்கு முன்னால் அறுபத்து நாலு படியும் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். "எப்போ போறீங்க?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதற்கு முன்னால்.

ஜூன் கடைசியில் பொய்க்கால் கிடைத்தது. அரசாங்க மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவுக்கு வருகிறவர்கள் அதிகம், பார்க்கிறவர்கள் குறைவு. எட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் நேரில் பார்க்க முடியும். அதற்கு நடுவில் நோயாளியே தன்னைக் கவனித்துக்கொள்வதற்காகக் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். பொய்க்காலின் கிண்ணத்துக்குள், கால் நுழையும் இடத்தில், பத்து காசு அளவுக்கு ஒரு கருவியையும் ஒட்டினார்கள். எத்தனை மணி நேரம் அணிந்தாள், எத்தனை அடி நடந்தாள் என்பதை அது எண்ணிக்கொள்ளும். மற்றதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

கருவி ஒட்டிய மலாய்க்கார இளைஞர் எந்த மொழி வேண்டும் என்று கேட்டார்.

"தமிழ் இருக்கா?" என்றாள் ரமணி.

இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தொழிற்சாலையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சுவரில் ஒட்டிய அறிவிப்புகள் மலாயில் இருந்தன, ஆங்கிலத்தில் இருந்தன, பிற்காலத்தில் நேப்பாளியிலும் வங்காளத்திலும்கூட இருந்தன. தமிழில் ஒன்றுகூட வந்ததில்லை. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் அவள். இப்போது அவள் காலைப் பற்றி யாரோ தமிழில் கேட்கிறார்கள்.

மீதமுள்ள கால் என்பதைப் படித்தபோது அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த வாரத்தில் சர்க்கரை மருத்துவர் தாதியை விட்டுத் தமிழில் சொல்ல வைத்தார். "ஒரு காலு போயிருச்சும்மா. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். இனிமே அதைத்தான் காப்பாத்தணும். தினம் பாருங்க." கைக்கண்ணாடியைக் கொடுத்ததும் அதற்காகத்தான். அதையேதான் கைப்பேசியும் தினம் கேட்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெட்டிய பக்கத்தையும் பார்க்கத்தான் சொல்லியிருந்தார்கள். இயன்முறை சிகிச்சை தரும் நஸ்ரின், இருபத்தேழு வயதிருக்கும், தமிழ் பேசும் மெல்லிய குரல்காரப் பெண், பொய்க்காலைக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும், சிவப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் மறைய வேண்டும் என்று முதல் நாளே காட்டிக் கொடுத்தாள். ரமணி முதல் வாரம் பார்த்தாள். பிறகு பார்க்கப் பிடிக்கவில்லை. குளிக்கும்போது சோப்புப் போடுவாள், கண் மட்டும் சுவரில் இருக்கும். கைப்பேசி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. முக்கியமென்றால் கேட்டிருப்பார்களே.

அந்த வீட்டில் அதற்குப் பெயரும் கிடையாது. உஷாராணி "அந்தப் பக்கம்" என்பாள். சுகுமாறன் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு "இது" என்பான். கருவி ஒட்டிய இளைஞர் மலாயில் "புந்தோங்" என்றார். சிகரெட் துண்டுக்கும் அதே சொல்தான் என்பது நினைவுக்கு வந்து ரமணிக்கு முகம் சுண்டிப் போனது. படி ஏறும் பயிற்சியில் நஸ்ரின்கூட "ஏறும்போது நல்ல காலு முன்ன வைங்க ஆன்டி, எறங்கும்போது மத்தது முன்ன" என்றுதான் சொன்னாள். மத்தது.

ஜூலை முழுக்கப் பச்சையாகவே வந்தது. ஒரு மணி நேரத்தில் தொடங்கியது இரண்டாகி, மூன்றரையாகி, ஆகஸ்டு நடுவில் ஆறு மணி நேரத்தைத் தொட்டது. வீட்டுக்கு வெளியே தெருக்கோடிவரை நடந்து திரும்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையில்லாதவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் கற்களைப் பதித்திருப்பார்கள். பொய்க்காலின் நுனி அந்த மேட்டில் தட்டும். அதனால் மஞ்சளுக்கு வெளியே, கடைக்காரர்களின் நாற்காலிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பாள். தடியைத் தட்டிக்கொண்டு எதிரே வரும் ஒருவர் தினமும் அவளுடைய காலடிச் சத்தத்தைக் கேட்டு நின்று வழி விடுவார். ஒருநாள் "அக்கா, உங்க காலுல ஒண்ணு லேட்டா வருதே" என்றார்.

"அது புதுசு அண்ணே. வேலை பழகிக்குது."

"பழகிரும் பழகிரும். மெதுவா போங்க."

வலி இருந்தது. ஆனால் எந்த வலி எங்கிருந்து வருகிறது என்று ரமணிக்கே தெரியவில்லை. இல்லாத கட்டைவிரல் அரித்தது. இல்லாத குதிகாலில் முள் குத்தியது. இல்லாத இடத்திலேயே இவ்வளவு வலித்தால் இருக்கிற இடத்தில் வலிப்பதை எப்படி நம்புவது? பழக்கமாகும்வரை கொஞ்சம் வலிக்கும், தோல் கெட்டிப்பட வேண்டும் என்று நஸ்ரினும் சொல்லியிருந்தாள். எலும்பு முனையில் எரிச்சல் எடுத்தபோது ரமணி புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தைத் தொட்டு வைத்து, பொய்க்காலுக்குள் அணியும் காலுறையோடு இன்னொன்றைச் சேர்த்துப் போட்டுக்கொண்டாள். "மீதமுள்ள காலில் வலி, பூஜ்யத்திலிருந்து பத்துவரை?" என்று செயலி கேட்டதற்கு வலது முட்டியின் அலுப்பை நினைத்து ஒன்று என்று போட்டாள். சில நாள் இரண்டு.

பச்சை.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை சுகுமாறனிடம், "தம்பி, ஒரு எட்டு கிள்ளானுக்குப் போயிட்டு வரலாமா? வீட்டப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

"வீடு எங்கயும் ஓடிறாதுக்கா."

"நான்தான் ஓடிப் பாக்கலாம்னு இருக்கேன்."

அவன் சிரித்துவிட்டுக் காரை எடுத்தான். வாரத்தில் ஆறு நாள் காரோட்டிப் பிழைக்கிறவன், ஏழாவது நாளும் ஓட்டினான்.

அடுக்குமாடியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலாவது மாடியில் எதிர்வீட்டுத் தாமரை கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியும் செடிகளும் ஏழு மாதமாக அவள் பொறுப்பில் இருந்தன.

"யாரு அது, விருந்தாளியா?" என்று மேலிருந்து சத்தம் போட்டாள் தாமரை.

"வீட்டுக்காரி லா. கதவத் தெற."

"மேல வந்து நீயே தெறந்துக்க. சாவி என் இடுப்புலதான் இருக்கு."

நல்ல கால் முன்னே. மற்றது பின்னே. இடது கையில் கம்பி, வலது கையில் ஊன்றுகோல், பின்னால் சுகுமாறன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. முதல் பதினாறு ஏறியதும் நின்று மூச்சு வாங்கினாள். முப்பத்திரண்டில் சுகுமாறன், "போதும்க்கா, எறங்கிருவோம்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கிண்ணத்துக்குள் ஏதோ வழுக்கியது, வியர்வை என்று நினைத்தாள். நாற்பத்தெட்டாவது படியில், மூன்றாவது மாடித் திருப்பத்தில், வலது தொடை நடுங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் கால் எழவில்லை.

தாமரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். ரமணியை உட்கார வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"இந்தா. நாப்பத்தெட்டு படிக்கு இதாவது குடுக்கணும்."

"மிச்சம் பதினாறு," என்றாள் ரமணி.

"அது அடுத்த வாரம். இப்ப மூஞ்சியப் பாரு, மாவு மாதிரி வெளுத்துப் போயிருக்கு."

ரமணி சாவியைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "செடிக்குத் தண்ணி ஊத்த வேணாமா? நீயே வெச்சிரு. அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்."

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பிப் பொய்க்காலைக் கழற்றியபோது காலுறை ஈரமாக இருந்தது. வியர்வை இல்லை. வெளிறிய செந்நிறம், நடுவில் ஒரு மஞ்சள் வட்டம், லேசான வாடை. ரமணி அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு குளியலறைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலசினாள், துண்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப் போட்டாள். இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரங்கள்தான் இருந்தன.

மறுநாள் ஆறு கேள்விகளுக்குப் பிறகு ஏழாவதாக ஒன்று வந்தது. "எட்டாவது வாரம். மீதமுள்ள காலின் படத்தை நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பவும். முன்புறம், பின்புறம், அடிப்பகுதி."

ரமணி வெந்நீரில் வலது காலைக் கழுவினாள். நகத்தை வெட்டினாள். அந்தக் கணுக்காலில் கொஞ்சம் கிரீம்கூடத் தடவினாள். கடை விடுமுறையென்று வீட்டிலிருந்த உஷாராணியிடம் படம் எடுக்கச் சொன்னாள்.

"போட்டோவுக்கு முன்னாடி காலுக்கு மேக்கப் போடற ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணி." உஷாராணி கைப்பேசியை வாங்கியவள் ஒரு கணம் நின்றாள். "இந்தக் காலையா கேக்கறாங்க?"

"மீதமுள்ள காலுன்னு போட்டிருக்கு பாரு. படி."

உஷாராணி படித்தாள். "ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு." மூன்று படங்களையும் எடுத்து அனுப்பிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. நஸ்ரின்.

"ஆன்டி, படம் கெடச்சிச்சு. ஆனா அதுல அஞ்சு வெரலும் இருக்கே."

"ஆமாம்மா. நல்லாத்தான் இருக்கு. வெரலிடுக்குகூடக் காஞ்சிருக்கு. பாத்தியா?"

"ஆன்டி, இது வலது காலு."

"ஆமா. மீதமுள்ள காலு."

அந்தப் பக்கம் யாரோ மலாயில் எண்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு நஸ்ரின் மிகவும் மெதுவாகக் கேட்டாள். "எட்டு வாரமா இந்தக் காலுக்குத்தான் பதில் போட்டீங்களா?"

"வேற எந்தக் காலு எனக்கு மீதி இருக்கு?" என்றாள் ரமணி. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்றைய காலுறை கண்முன் வந்தது.

"வீடியோ போடறேன் ஆன்டி. அந்தக் காலக் காட்டுங்க."

உஷாராணி வெங்காயக் கையோடு வந்து கைப்பேசியைப் பிடித்தாள். ரமணி காலுறையை உருட்டிக் கழற்றினாள். எலும்பு முனைக்கு மேலே இருபது காசு அகலத்துக்குத் தோல் திறந்திருந்தது. ஓரம் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது, சுற்றிலும் கருஞ்சிவப்பு. உஷாராணி கைப்பேசியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"இன்னிக்கே வந்துருங்க," என்றாள் நஸ்ரின். "அத மாட்டிக்காம வாங்க."

மருத்துவமனையில் புண்ணைக் கழுவி, படம் எடுத்து, இரத்தம் எடுத்து, மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். மருத்துவர் சுருக்கமாகப் பேசினார். எலும்புக்குள் போகவில்லை, அந்த மட்டுக்கு நல்லது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குப் பொய்க்கால் கூடாது, ஒரு மணி நேரம்கூடக் கூடாது. எலும்புக்குப் போய்விட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும். முட்டி இல்லாமல் படி ஏறுவதைப் பற்றி ரமணி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பொய்க்காலைக் கிண்ணம் திருத்துவதற்காக அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நெகிழிப் பையில் போட்டு அவள் பெயரை எழுதி ஒட்டினார்கள்.

நஸ்ரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் செயலியின் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள், ஆங்கிலமும் பக்கத்திலேயே தமிழும்.

"தமிழை நான்தான் செக் பண்ணேன் ஆன்டி. வெட்டுனதுக்கு அப்புறம் மிஞ்சியிருக்கிற துண்டு, அதைத்தான் இங்கிலீஷ்ல கேக்கறாங்க. எனக்கு அது முன்னாடியே தெரியும்ங்கறதால படிக்கும்போது சரியாத்தான் பட்டிச்சு. வேற மாதிரி படிக்கலாம்னு தோணவே இல்ல." அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க பேரு பக்கத்துல எட்டு வாரமும் பச்சை. நான் அத மத்தவங்களுக்குக் காட்டிக்கூட இருக்கேன். பாருங்க, எவ்ளோ நல்லா பண்றாங்கன்னு."

திட்டலாம் என்று ரமணிக்குத் தோன்றியது. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். அதோடு, அலசிப் போட்ட காலுறை இன்னும் அந்தத் துண்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்தே ஸ்டோக்கின் நனஞ்சிருந்திச்சு," என்றாள். "கிள்ளான் போயி படி ஏறிட்டு வந்தேன். யாரும் கேக்கலன்னு நானும் சொல்லாம இருந்துட்டேன். உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. விடு."

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள். "இந்தக் கேள்வியை மாத்தணும் ஆன்டி. இன்னும் பதினோரு பேரு தமிழ்ல போட்டுக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் இன்னிக்கே போன் பண்ணப் போறேன். வீட்டுல நீங்க இத என்னன்னு சொல்லுவீங்க?"

ரமணி கட்டுப் போட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்றதில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"அந்தப் பக்கம். இது. நீகூட மத்ததுன்னுதான சொன்ன."

நஸ்ரின் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"வெட்டுன காலுன்னு போடு," என்றாள் ரமணி.

"கொஞ்சம் கடுமையா இருக்கே ஆன்டி. படிக்கிறவங்க மனசு..."

"வெட்டித்தான எடுத்தாங்க? வெட்டுன காலுன்னா யாரும் வேற காலைக் கழுவிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க."

நஸ்ரின் எழுதிக்கொண்டாள். கை ஊன்றுகோல்களைச் சரிபார்த்துக் கொடுத்து, சுகுமாறனின் கார்வரை நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில் ரமணி ஊன்றுகோல்களை ஊன்றிச் சமையலறைக்கு வந்தாள். உஷாராணி மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரமணி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். நாட்காட்டி அவள் தலைக்கு நேர் எதிரே இருந்தது.

"உஷா. இருபதாம் தேதிக்குள்ள போயிரணும்னு இருந்தேன்."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"தினம் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு நிப்பீங்க. எனக்குக் கண்ணு இல்லையா? கம்முனு இருந்துட்டேன். போகச் சொல்லவும் வாயி வரல, இருங்கன்னு சொல்லவும் வரல." அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு. கடையில சமையல், இங்க சமையல், இப்ப புள்ளப்பேறு வேற. சில நாளு குளிக்கப் போயி குழாயத் தெறந்து வெச்சிட்டு சும்மா நிக்கிறேன்."

ஏழு மாதமாக ரமணி பயந்துகொண்டிருந்த சொல் இதுதான். வந்துவிட்டது. வந்த பிறகு அவ்வளவு பெரிதாக இல்லை.

"எனக்கும்," என்றாள்.

"ஆனா நீங்க அங்க போயி நாலாவது மாடியில விழுந்து கெடந்தா, அது இதவிடப் பெரிய அலுப்பு. தெனம் யாரு ஓடறது கிள்ளானுக்கு?"

அவள் இதைச் சிரிக்காமல் சொன்னாள். ரமணிக்குத்தான் உதடு துடித்தது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

ரமணி ஒரு பீன்ஸை நார் உரித்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். தன் வாழ்க்கையில் யாரிடமும் இந்த வாக்கியத்தைச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. "நான் இன்னும் ரெண்டு மாசம் இங்க இருந்துக்கவா, உஷா?"

"இருங்க." உஷாராணி நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளினாள். "ரூம ப்ரியாவுக்கு விட்டுருங்க. கூடத்துல கட்டிலப் போட்டுருவோம். உக்காந்த எடத்துல இருந்தே காய் வெட்டலாம், புள்ளைய மடியில வெச்சிக்கலாம். நடக்கச் சொல்லி யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா அந்த ஸ்டோக்கின் சமாச்சாரம் இனிமே என்கிட்ட மறைக்கக் கூடாது. துண்டுக்குப் பின்னாடி காயப் போட்டா எனக்குத் தெரியாதா?"

ரமணி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாலை தாமரைக்குப் போன் செய்து செடிகளைத் தாமரையின் வாசலுக்கே மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

"அப்ப மிச்சம் பதினாறு?" என்றாள் தாமரை.

"மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

"சரி லா. படி எங்க போகப் போகுது."

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கைப்பேசி மணியடித்தது. ரமணி வலது பாதத்தைக் கண்ணாடியில் பார்த்து முடித்தாள். பிறகு கட்டைப் பிரித்தாள். கண்ணாடியை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கீழே பிடித்தாள். முதலில் பிடிக்கத் தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. சாய்த்துப் பிடித்ததும் வந்தது. தையல் கோடு, மடிந்த தோல், நடுவில் அந்தப் புண். யாருடையதோ மாதிரி இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஓரத்தில் கருஞ்சிவப்பு கொஞ்சம் குறைந்திருப்பதுபோலத் தோன்றியது, அல்லது வெளிச்சமாக இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி மாறியிருந்தது. "வெட்டிய காலில் சிவப்பு, புண், வீக்கம் ஏதேனும் உண்டா?" நஸ்ரின் அதை எழுத்துத் தமிழாக்கியிருந்தாள். அதன் கீழேயே இன்னொரு கேள்வி, புதிதாக. "மற்ற காலில்?"

முதலாவதற்கு "ஆம்" என்பதைத் தொட்டாள். அடுத்ததற்கு "இல்லை".

"பச்சையா, செவப்பா?" என்று சமையலறையிலிருந்து உஷாராணி கேட்டாள். திங்கட்கிழமை அவளுக்குக் கடை விடுமுறை.

"மஞ்சள்."

"என்ன போட்டிருக்கு?"

ரமணி படித்தாள். "இன்று அணிய வேண்டாம். ஓய்வெடுக்கவும்."

"அப்ப ஓய்வெடுங்க. தே ஓ கோசோங் கொண்டாரேன்," என்றாள் உஷாராணி. அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. சர்க்கரை போடாத அந்தத் தேநீர் வருவதற்கு நேரமாகும். ரமணி கண்ணாடியைத் துணியால் துடைத்துக் கட்டிலோரம் சாத்திவிட்டு, புதுக் கட்டுத்துணியைப் பிரித்தாள்.